தண்டனை உண்டா, இல்லையா? குவாலிஃபையிங் வாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 கத்தார் கிராண்ட் பிரீ, ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயம். யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்யும் குவாலிஃபையிங்கில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் போல் பொசிஷன், அதாவது முதல் இடம், எடுத்தார். சில மணி நேரத்தில் அது பறிபோனது. தண்டனை, தொடக்க வரிசையில் ஒரே ஒரு இடம் பின்னால் போவதுதான். மூன்று, ஐந்து என்றே கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு இந்த எண் விசித்திரமாக இருந்தது. "இதுக்கெல்லாம் தண்டனையா" என்றது ஒரு தரப்பு. "மூன்று கொடுக்க வேண்டியதை ஒன்றாக்கிக் காப்பாற்றிவிட்டார்கள்" என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் முக்கால்வாசிப் பேர் நடுவர்களின் தீர்ப்பைப் படித்த மாதிரி தெரியவில்லை.

தீர்ப்பின் சாரம் சுருக்கமானது. வெர்ஸ்டாப்பன் வேகச் சுற்றில் இல்லை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அப்படி மெதுவாகப் போகும் சுற்றுக்கும் ஒரு நேர வரம்பு உண்டு, அதை அவர் தாண்டிவிட்டார். பின்னால் வந்த ஜார்ஜ் ரஸலுக்கு அது இடைஞ்சலானது. ஆனால் ரஸலும் அப்போது நேரம் பதிக்கும் சுற்றில் இல்லை, அதற்குத் தயாராகிக்கொண்டுதான் இருந்தார். அவர் வேகச் சுற்றில் இருந்திருந்தால் வழக்கமான 3 இடம். இல்லாததால் 1. இந்தக் கணக்கு சரியில்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் "ரஸலின் வேகச் சுற்றைக் கெடுத்தார்" என்றோ "யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை" என்றோ ஆரம்பித்தால், நடக்காத ஒன்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த வாதங்கள் சண்டையாவதற்கு ரசிகப் பற்று மட்டும் காரணமில்லை. விதி கேட்கும் கேள்வி சின்னது, குறிப்பானது. நாமோ வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்: அவருக்கு அதனால் லாபமா, வேண்டுமென்றே செய்தாரா, போன வருடம் இன்னொருவரை ஏன் விட்டார்கள்?

"அவருக்கு அதனால் என்ன லாபம்?"

'முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை' என்று சொல்லும் மஞ்சள் கொடி விஷயத்தில் இந்தக் கேள்வி செல்லவே செல்லாது. 2019 மெக்சிகோ நல்ல உதாரணம். குவாலிஃபையிங்கின் கடைசி நிமிடங்களில் வால்ட்டேரி போட்டாஸ் கடைசி வளைவில் சுவரில் மோதினார். பின்னால் வந்த வெர்ஸ்டாப்பன் வேகத்தைக் குறைக்காமல் அவரைக் கடந்து போய் தன் நேரத்தை இன்னும் மேம்படுத்தினார். அதுவரை விசாரணை என்ற பேச்சே இல்லை. செய்தியாளர் சந்திப்பில் கேட்டபோது, போட்டாஸின் காரைப் பார்த்ததாகவும் வேகத்தைக் குறைக்கவில்லை என்றும் அவரே சொல்லிவிட்டார். அப்புறம்தான் நடுவர்கள் கூப்பிட்டார்கள். 3 இடம் போனது, போல் சார்ல் லெக்லேருக்குக் கிடைத்தது. (வாயால் கெட்டது என்று நம்மூரில் சொல்வதற்கு இதைவிடச் சுத்தமான சம்பவம் எஃப்1-இல் எனக்குத் தெரியவில்லை.)

அன்று வெர்ஸ்டாப்பன் ரசிகர்கள் சொன்ன வாதம் இது: அவருடைய முந்தைய சுற்றே போலுக்குப் போதுமானது, ஆக அந்தச் சுற்றால் அவர் எதையும் அடையவில்லை. தகவல் சரி, வாதம் தப்பு. மஞ்சள் கொடி லாப நஷ்டத்துக்காக வீசப்படுவதில்லை. ஓடுதளத்தில் நின்றுபோன கார் இருக்கலாம், அதை அகற்ற ஓடிவரும் மார்ஷல்கள் இருக்கலாம், கிரேன் இருக்கலாம். 2014-இல் ஜப்பானின் சுசூக்காவில் இரட்டை மஞ்சள் கொடி (ஆபத்து அதிகம், நிற்கவும் தயாராக இரு என்பது) வீசப்பட்டிருந்த பகுதியில்தான் ஜூல்ஸ் பியான்கியின் கார் சறுக்கிப் போய் மீட்பு வாகனத்தில் மோதியது. அவர் 2015 ஜூலையில் இறந்தார். அதற்குப் பிறகும் "நேரம் ஒன்றும் மிச்சமாகவில்லையே" என்று கொடி விதியை அளப்பது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.

டிவியில் பார்த்ததை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

இடைஞ்சல் குற்றச்சாட்டுகளில்தான் இந்தத் தவறு அதிகம். முன்னால் போகும் கார் ரேஸிங் லைனில் (வேகமாகப் போக ஏற்ற தடத்தில்) நிற்பதுபோலத் தெரிகிறது, பின்னால் வந்தவர் கையை ஆட்டுகிறார், ரேடியோவில் கத்துகிறார். உடனே நாம் முடிவுக்கு வந்துவிடுகிறோம். நடுவர்கள் முன் இருப்பவை வேறு: இரண்டு கார்களின் டெலிமெட்ரி (வேகம், பிரேக் போன்றவற்றைக் கார் அனுப்பும் தரவு), ஜிபிஎஸ், எல்லாக் கோணங்களிலும் காட்சிகள், அணிக்கும் ஓட்டுநருக்கும் நடந்த ரேடியோ பேச்சு முழுவதும். நமக்கு ஒளிபரப்புவது அதில் ஒரு துணுக்கு, அதுவும் பரபரப்பான துணுக்கு. கைவீசலுக்கு விதியில் மதிப்பு இல்லை. சும்மா கைவீசிப் பார்க்கும் ஓட்டுநர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு காரைத் தேவையில்லாமல் மறிக்கக் கூடாது என்பதே விதி. அதன் சாரம் "தேவையில்லாமல்" என்ற சொல்லில் இருக்கிறது. வழிமறித்தாரா என்பது முதல் பாதி. அதைத் தவிர்க்க வாய்ப்பு இருந்ததா என்பதுதான் அடுத்த, முக்கியமான பாதி. குருட்டு வளைவு ஒன்றில், முன்னெச்சரிக்கை எதுவும் வராமல், ஒதுங்க இடமும் இல்லாமல் மாட்டிக்கொண்டவரை விட்டுவிடுவது உண்டு.

இங்கிருந்து இன்னொரு வாதம் கிளம்பும்: "அணிதானே தப்பாகச் சொன்னது, ஓட்டுநரை ஏன் தண்டிக்கிறார்கள்?" 2025 மொனாக்கோவில் லூயிஸ் ஹாமில்டனுக்கு நடந்தது இதுவே. குவாலிஃபையிங்கின் முதல் பகுதியில் வெர்ஸ்டாப்பன் வேகச் சுற்றில் வருகிறார் என்று ஹாமில்டனின் அணியான ஃபெராரி முதலில் சரியாகச் சொன்னது. ஹாமில்டன் ஒதுங்க ஆரம்பித்தார். உடனே, வெர்ஸ்டாப்பன் மெதுவாக வருகிறார் என்று தப்பான தகவல் வந்தது. ஹாமில்டன் மறுபடி லைனுக்குத் திரும்ப, வெர்ஸ்டாப்பன் விலகிப் போக வேண்டியதாயிற்று. தகவல் பிழை அணியுடையது என்பதை நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இருந்தும் 3 இடம் கொடுத்தார்கள், நாலாவதாக வந்தவர் ஏழாவது இடத்திலிருந்து கிளம்பினார். பரிதாபம்தான். ஆனாலும் எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. ரேடியோ பிழையை மன்னிக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு அணியும் சமயம் பார்த்து ஒரு பிழையைத் தயாராக வைத்திருக்கும்.

"அவரை மட்டும் விட்டீர்களே!"

முன்னுதாரணம் காட்டுவது நல்ல பழக்கம். ஒத்துப்போகாத இரண்டை ஒப்பிடுவதுதான் சிக்கல். கிரிக்கெட்டில் இரண்டு எல்பிடபிள்யூ முறையீடுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பந்து எங்கே பிட்ச் ஆனது என்பதில் எல்லாம் மாறிவிடும் இல்லையா, அதுபோல.

2021 கத்தாரில் ஒரே சம்பவத்துக்கு மூன்று விதமான முடிவுகள் வந்தன. பியேர் காஸ்லியின் கார் பழுதாகி நேர்பாதையில் நின்றுவிட்டது. அதைத் தாண்டி வந்தவர்களில் வெர்ஸ்டாப்பனுக்கு 5 இடம், போட்டாஸுக்கு 3 இடம், கார்லோஸ் சைன்ஸுக்கு ஒன்றுமில்லை. பாரபட்சம் என்று அன்று பெரிய கூச்சல். விவரம் இதுதான்: வெர்ஸ்டாப்பன் கடந்தபோது இரட்டை மஞ்சள் கொடி, போட்டாஸ் கடந்தபோது ஒற்றைக் கொடி, சைன்ஸ் வேகத்தைக் குறைத்திருந்தார். கொடியை வீசிய மார்ஷலைக் குறைசொல்லி டிவியில் பேசிய, வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணிக்கு அப்போது தலைவராக இருந்த கிறிஸ்டியன் ஹார்னருக்கும் தனியாக ஓர் எச்சரிக்கை கிடைத்தது. சம்பளம் வாங்காமல் வெயிலில் நிற்கும் தன்னார்வலர்மேல் பழிபோடுவதை நடுவர்கள் ரசிப்பதில்லை.

மொனாக்கோவின் இரண்டு பழைய கதைகளையும் இப்படித்தான் குழப்புவார்கள். 2006-இல் மைக்கேல் ஷூமாக்கர் ரஸ்காஸ் வளைவில் காரை நிறுத்திவிட்டார், பின்னால் வந்த பெர்னாண்டோ அலோன்ஸோவின் சுற்று வீணானது. நடுவர்கள் பல மணி நேரம் தரவுகளை அலசி, வேண்டுமென்றே செய்தார் என்று முடிவு செய்து, போலில் இருந்தவரைக் கடைசிக்கு அனுப்பினார்கள். 2014-இல் நிக்கோ ரோஸ்பெர்க் மிராபோ வளைவில் பிரேக்கைத் தவறவிட்டு ஒதுக்குப் பாதைக்குள் போனார், பின்னால் வந்த ஹாமில்டனின் சுற்று கெட்டது. நடுவர்கள் டெலிமெட்ரியைப் பார்த்தார்கள், குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். போல் ரோஸ்பெர்க்கிடமே இருந்தது. சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு, ஹாமில்டனும் அன்று மகிழ்ச்சியாக இல்லை. ஆனால் "அதே ஊர், அதே தந்திரம், வேறு தீர்ப்பு" என்று சொல்ல வேண்டுமென்றால், ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் இருவர் செய்ததும் ஒன்று என்று காட்ட வேண்டும். அதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

மொனாக்கோவைப் பற்றிய பேச்சு வந்தால் 2021-ம் வந்துவிடும். லெக்லேர் கடைசியில் சுவரில் மோதி சிவப்புக் கொடி வரவைத்தார், மற்றவர்களின் சுற்றுகள் நின்றுபோயின, போல் அவருக்கே கிடைத்தது. தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எந்த விதியின்படி? தற்செயலாக மோதிச் சிவப்புக் கொடி வரவைத்ததற்கு எஃப்1-இல் அன்று தண்டனை கிடையாது. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடரில் உண்டு, சிவப்புக் கொடிக்குக் காரணமானவர் தன் இரண்டு சிறந்த சுற்றுகளை இழப்பார். அந்த விதியை எஃப்1-க்கும் கொண்டுவாருங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை, நானும் அதற்கு ஆதரவுதான். இல்லாத விதியை மீறினார் என்பது வேறு பேச்சு. (பாவம், ஞாயிற்றுக்கிழமை கிரிட்டுக்கு (தொடக்க வரிசைக்கு) வரும் வழியிலேயே கார் பழுதாகி, லெக்லேர் பந்தயத்தையே தொடங்கவில்லை.)

தொழில்நுட்ப மீறலையும் ஓட்டும் தவறையும் ஒரே தராசில் வைப்பது

2021 பிரேசிலில் ஹாமில்டன் வேகமான நேரம் பதித்தார். முந்துவதற்கு உதவியாகப் பின்இறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ் அமைப்பின் இடைவெளி 85 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவர் காரில் 0.2 மில்லிமீட்டர் கூடுதல். குவாலிஃபையிங் முடிவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். "இத்தனூண்டுக்கா" என்று கேட்டவர்கள் பலர். அளவு விதியில் "கொஞ்சம்" என்று ஒன்று கிடையாது, வேண்டுமென்றே செய்யவில்லை என்பதும் உதவாது. அணிக்குத் தீய நோக்கம் இல்லை என்று நடுவர்கள் சொல்லிவிட்டுத்தான் நீக்கினார்கள். அதே நாளில், நிறுத்தி வைத்திருந்த அந்தக் காரின் பின்இறக்கையைக் கையால் தொட்டுப் பார்த்த வெர்ஸ்டாப்பனுக்கு 50,000 யூரோ அபராதம். ஒருவருக்குப் பணம், இன்னொருவருக்கு இடம் என்று இதையும் பாரபட்சக் கணக்கில் எழுதினார்கள். இரண்டும் வேறு வேறு விதிகள், அவ்வளவுதான். ஹாமில்டன் ஸ்பிரிண்ட்டில் (முந்தைய நாள் நடக்கும் குட்டிப் பந்தயத்தில்) கடைசி இடத்தில் கிளம்பி ஐந்தாவது இடத்துக்கு முன்னேறி, இன்ஜின் மாற்றியதற்கான தண்டனையோடு பத்தாவது இடத்தில் தொடங்கி, பந்தயத்தையே ஜெயித்தது தனிக் கதை.

சனிக்கிழமையோடு முடிந்தது என்று நினைப்பது

"மேல்நடவடிக்கை இல்லை" என்று வந்துவிட்டால் விவாதத்தை மூடிவிடுகிறோம். 2020 ஆஸ்திரியாவில் ஹாமில்டனை மஞ்சள் கொடி விஷயத்தில், குவாலிஃபையிங் நடந்த சனிக்கிழமை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் மஞ்சள் கொடியும் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது என்பதால். ஞாயிற்றுக்கிழமை ரெட் புல் புதிய கேமரா காட்சியைக் காட்டி மறுபரிசீலனை கேட்டது. பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது 3 இடம் தண்டனை வந்தது, இரண்டாவதில் நிற்க வேண்டியவர் ஐந்தாவதில் நின்றார். ஆனால் எல்லாவற்றுக்கும் மறுபரிசீலனை கிடைக்காது. முதல் விசாரணையில் இல்லாத, முக்கியமான, சம்பந்தப்பட்ட புதிய ஆதாரம் இருந்தால்தான் கதவு திறக்கும்.

எண்ணும்போதும் கவனம் வேண்டும். ஒருவருக்கு 3 இடம் என்றால் அவர் கண்டிப்பாக மூன்று இடம் கீழே நிற்பார் என்றில்லை, மற்றவர்களுக்கும் தண்டனை இருந்தால் கணக்கு புரளும். 2022 மொன்ஸாவில் ஒன்பது பேருக்குத் தண்டனை. ஆறாவதாக வந்த ரஸல் இரண்டாவது இடத்திலிருந்து கிளம்பினார். இரண்டாவதாக வந்த வெர்ஸ்டாப்பன் ஏழாவதில் நின்றார், ஜெயிக்கவும் செய்தார். அன்று மாலை யார் எங்கே நிற்பார் என்பதிலேயே பெரிய குழப்பம்.

அதே தண்டனை எல்லோருக்கும் ஒரே எடையில் விழுவதும் இல்லை. 2011-இல் கிரேட்டர் நொய்டாவின் புத் ஓடுதளத்தில், சொந்த நாட்டில் நடந்த முதல் எஃப்1 பந்தயத்தில், நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனுக்கு ஷூமாக்கரை மறித்ததற்காக 5 இடம் கொடுத்தார்கள். ஹெச்ஆர்டி அணியின் காரில் ஏற்கெனவே கிரிட்டின் கடைசியில் இருந்தவரை இன்னும் எங்கே தள்ளுவது? முந்திச் செல்லவே முடியாத மொனாக்கோவில் 3 இடம் என்பது ஞாயிற்றுக்கிழமையையே முடித்துவிடும். கத்தார் மாதிரி அகலமான ஓடுதளத்தில், 2021-இல் 5 இடம் இழந்த வெர்ஸ்டாப்பன், தகுதிச் சுற்றில் பிடித்த அதே இரண்டாவது இடத்தில்தான் பந்தயத்தை முடித்தார்.