கிண்டியில் இடம் கிடைக்கும், ஆனாலும் தயக்கமா?

"அவ்வளவு பெரிய இடம், பிள்ளையை யார் கவனிப்பார்கள்?" பொறியியல் சேர்க்கைக்கான கவுன்சலிங் சமயத்தில் பெற்றோருக்கு வரும் கவலை இது. நியாயம்தான். 1794-இல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற இடத்தில், வகுப்புக்கு வரவில்லை என்று வீட்டுக்கு ஃபோன் வரும் என எதிர்பார்க்காதீர்கள். தானாக எழுந்து படிக்கிற பிள்ளையா? அப்போது பயமில்லை.

கவுன்சலிங்கில் கல்லூரி, துறை என்று சாய்ஸ் கொடுக்கும் முன், நீங்கள் நினைத்திருக்கும் துறையிலேயே படிக்கும் சீனியர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள். பொதுவாக "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், சந்தேகம் வந்தால் பேராசிரியரின் அறைக்கே போய்க் கேட்க முடிகிறதா, விடுதி எப்படி என்று கேளுங்கள்.

அப்புறம், உங்கள் பட்டியலில் இருப்பது கிண்டி போல அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகமா, அதனுடன் இணைக்கப்பட்ட வேறொரு கல்லூரியா (இணைவுக் கல்லூரி) என்றும் பாருங்கள். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.