லட்ச ரூபாய் செட்டுக்கு முன்னால் நல்ல கம்பி கட்டுங்கள்

ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் ஐகாம், யேசு (Yaesu) கம்பெனிகளின் 100 வாட் ரேடியோ செட் மேல்தான் கண் போகிறது, விலையோ லட்சத்தைத் தாண்டுகிறது. கொஞ்சம் பொறுங்கள். 10 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான், அதாவது எதிர்முனையில் கேட்பவரின் சிக்னல் மீட்டரில் இரண்டு எஸ் புள்ளிகூட (ஒரு புள்ளி 6 டெசிபல்) முழுசாக ஏறாது. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் மாதிரி 10 வாட் செட்டே தொடங்குவதற்குத் தாராளம்.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, சென்னை ரிச்சி தெருவில் செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் வாங்கி, 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்துக்கு 10 மீட்டர் செம்புக் கம்பியாக மொட்டைமாடியில் டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இருபக்கக் கம்பி ஆன்டெனா) கட்டுங்கள்; முதலில் அரை அடி கூடுதலாகவே விட்டு, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு, குறைந்தால் நல்லது) பார்த்துப் பார்த்து நறுக்குங்கள். மின்கம்பி பக்கமே போக வேண்டாம். அப்புறம், நம்ம ஊர் கடற்காற்று பொல்லாதது, கேபிள் சேரும் இடத்தில் செம்பு பச்சை பூத்துவிடும், ரப்பர் டேப்பை இழுத்து இறுக்கிச் சுற்றிவிடுங்கள். எனக்கு ஒரு மழைக்காலமே இதில் போனது.

பழைய செட் என்றால் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் மின்தடை) மாட்டி ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைப் பகுதியிலும்) பவர் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.