வழிவிடுவதை ஆபத்தில்லாமல் செய்வது எப்படி?

அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று பிறர் ஊகிக்க வேண்டியில்லாதபடி வண்டி ஓட்டுவதுதான் சாலையில் முதல் மரியாதை. திரும்பும்போதே இண்டிகேட்டர் போட்டால் யாருக்கும் பயனில்லை. லேன் மாறக் குறைந்தது மூன்று வினாடிக்கு முன்பே போடுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும்; பின்னால் வருபவர் கவனித்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடிக்கு மேல் ஆகிவிடும். திரும்பி முடித்ததும் அதை அணைத்துவிடுங்கள். இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் அது தானாக அணையாது. எரிகிற விளக்கை நம்பி, நீங்கள் திரும்பப்போவதாக நினைத்து ஒருவர் குறுக்கே வந்துவிடலாம்.

முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு, அதே இடத்துக்கு நீங்கள் வர இரண்டு வினாடியாவது ஆக வேண்டும். மழையில் நான்கு. அந்த இடைவெளியில் யாராவது நுழைந்தால் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் இடைவெளி விடுங்கள். இதனால் போவது ஓரிரு வினாடிதான்.

நல்ல மனசுக்காரர்கள் அதிகம் தவறுவது, சாலையைக் கடக்க நிற்பவருக்கு வழிவிடும்போதுதான். ஒரே திசையில் இரண்டு லேன் இருக்கிறது; நீங்கள் நின்று, 'போங்க' என்று கையசைக்கிறீர்கள். அவரோ உங்களை நம்பி இறங்குகிறார். பக்கத்து லேனில் வருபவருக்கு அவர் தெரிவதில்லை, உங்கள் வண்டி மறைக்கிறது. எனவே முதலில் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பாருங்கள். தொலைவிலேயே பிரேக்கை மெல்ல மிதித்தால் சிவப்பு விளக்கு பின்னால் வருபவரை எச்சரிக்கும். கடக்கும் இடத்துக்கு முன்னுள்ள கோட்டை ஒட்டி நிற்காமல் சில மீட்டர் முன்னதாகவே நின்றால் பக்கத்து லேன்காரருக்கும் பார்வை கிடைக்கும். கையசைக்காதீர்கள், எப்போது கடப்பது என்பதை நடப்பவரே பார்த்து முடிவு செய்யட்டும். ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்கப் பலருக்கு ஆறு வினாடி போதும், கோலூன்றி நடப்பவருக்குப் பத்தைத் தாண்டலாம். அவர் பாதி வழியில் இருக்கும்போது வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவது அவரை ஓட வைக்கும், தடுமாறி விழவும் வைக்கும்.

கடக்கும் இடத்தில் வேறொரு வண்டி நின்றிருந்தால், காரணம் தெரியாமல் அதை ஓவர்டேக் செய்யவே கூடாது.

ஹெட்லைட்டை மின்னுவதைத் தவிர்ப்பது நல்லது. ஒருவர் அதை 'நீங்க வாங்க' என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் 'நான் வர்றேன், நில்லுங்க' என்று எடுத்துக்கொள்வார். இரவில் எதிரே வண்டி வந்தால் உடனே லோ பீமுக்கு மாற்றுங்கள். கூசிய கண் தெளியச் சில வினாடிகள் ஆகும், அதுவரை அவர் ஏறக்குறைய பார்வையின்றி ஓட்டுகிறார். எதிராளி மாற்றவில்லையா? பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் பார்வை மங்கிய ஓட்டுநர் இருவராவார்கள். வேகத்தைக் குறைத்து, உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

ஹாரன், உங்களைக் கவனிக்காதவரை உஷார்படுத்த மட்டும். ஒரு சிறு ஒலி போதும்.

சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விடுங்கள், குழியைத் தவிர்க்க அவர் திடீரென விலகக்கூடும். அவ்வளவு இடமில்லையென்றால் பின்னாலேயே போங்கள். காரை நிறுத்தியதும் கதவை, அதற்கு அருகிலுள்ள கையால் அல்லாமல் மற்ற கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பும். பின்னால் வருபவர் கண்ணில் படுவார். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். அது திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்ளே வெட்டி வரும் என்பதால், திருப்பத்தின் உள்பக்கத்தில் நுழையாமல் பின்னாலேயே காத்திருங்கள்.