‘ஃபின்னகன்ஸ் வேக்’கில் ஒரு சொல்லை உடைத்துப் பார்ப்பது எப்படி?

ஜேம்ஸ் ஜாய்ஸ் ஏறக்குறைய 17 ஆண்டுகள் எழுதி 1939-இல் வெளியிட்ட இந்த நாவலைத் திறந்ததும் அகராதியைத் தேடாதீர்கள். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து மூன்று முறை உரக்கப் படியுங்கள். கண்ணுக்கு அச்சுப்பிழையாகத் தெரிவது காதுக்குப் பழகிய சொல்லாகிவிடும். ‘ஃபன்ஃபெரால்’ என்பதில் சாவுச் சடங்கைக் குறிக்கும் ‘ஃப்யூனரல்’ கேட்கும். ‘ஃபன் ஃபார் ஆல்’, அதாவது எல்லோருக்கும் கொண்டாட்டம் என்பதும் கேட்கும். செத்தவரைச் சுற்றிக் குடித்துப் பாடும் ஐரிஷ் வழக்கம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

அடுத்து வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். சொற்கள் எவ்வளவு திருகினாலும் வாக்கிய அமைப்பு பெரும்பாலும் சாதாரண ஆங்கிலம்தான். முதல் வாக்கியத்தின் எலும்புக்கூடு இவ்வளவே: ஆற்றோட்டம் நம்மை டப்ளின் அருகே உள்ள ஹௌத் கோட்டைக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. இது பிடிபடாமல் வேர்ச்சொல்லுக்குள் இறங்கினால் வழி தவறிவிடும்.

இனி எழுத்துக்கூட்டு. திருகிய சொல்லுக்கு அடியில் அதற்கு மிக நெருங்கிய அகராதிச் சொல்லை எழுதி, மாறியிருக்கும் எழுத்தை வட்டமிடுங்கள். அந்த எழுத்துதான் துப்பு. தேடுபொறியில் தட்டினால் அது பிழையென்று தானாகத் திருத்திவிடும், துப்பு போய்விடும். ‘கமோடியஸ் வைகஸ்’ என்பதைப் பாருங்கள் (3.2, அதாவது 3-ஆம் பக்கம் 2-ஆம் வரி). விசாலமான என்று பொருள்படும் ‘கமோடியஸ்’ (commodious) சொல்லில் மூன்றாவது ‘ஓ’ விடுபட்டு commodius என்று இருக்கிறது. உடனே ரோமப் பேரரசன் கொமோடஸ் எட்டிப் பார்க்கிறான். ‘வைகஸ்’ லத்தீனில் தெரு, ஊர். வரலாறு சுழன்று சுழன்று வரும் என்ற இத்தாலியச் சிந்தனையாளர் விக்கோவின் பெயரும் அதில் உண்டு. டப்ளினுக்குத் தெற்கே கடலோரமாக விக்கோ சாலை என்றே ஒன்று இருக்கிறது.

கண்டதையெல்லாம் ஏற்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாட்சி கேளுங்கள்: பக்கத்துச் சொல்லோ நூலின் வேறோர் இடமோ அதை ஆதரிக்க வேண்டும். விக்கோவுக்கு அடுத்து வரும் ‘ரீசர்குலேஷன்’ (மறுசுழற்சி) சாட்சி. நூலின் முதல் சொல்லான, ஆற்றோட்டம் என்ற ‘ரிவர்ரன்’, காதில் பாதிரியாரை விளிக்கும் ‘ரெவரெண்ட்’ என்றும் விழும். நூலின் கடைசிப் பகுதியில் வரும் கடிதம் ‘ரெவரெண்ட்’ என்று விளிப்பதால் அது நிற்கிறது. அதே சொல் சின்ன ‘ஆர்’ எழுத்தில் தொடங்குவதும் தற்செயல் அல்ல. ‘த’ (the) என்று அறுந்து நிற்கும் நூலின் கடைசி வாக்கியம் இந்த முதல் சொல்லில் வந்து சேர்கிறது. சாட்சி கிடைக்காததைப் பென்சிலில், கேள்விக்குறியோடு குறித்து வையுங்கள்.

சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தரும் பிரிமொழிச் சிலேடையில் பழகிய நமக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பிரித்தால் பாட்டு முழுவதும் இரண்டாம் பொருளில் ஓடும். இங்கே ஒரு பொருள் ஒரே சொல்லில் மின்னி மறையலாம். தொடர்ச்சி இல்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சொந்தமாக உழைத்த பிறகே ரோலண்ட் மெக்ஹ்யூவின் உரைக்குறிப்பு நூலைத் திறங்கள். மூலத்தின் பக்கத்துக்குப் பக்கம் பொருந்தும்படி அது அமைந்திருக்கிறது.

பயிற்சிக்கு முதல் பக்கத்திலேயே 100 எழுத்துள்ள இடிச்சொல் இருக்கிறது. இடியைக் குறிக்கும் ஜப்பானிய ‘காமினாரி’, பிரெஞ்சு ‘தொனேர்’, இத்தாலிய ‘துவோனோ’ மூன்றையும் அதில் காதால் தேடிக் கோடிடுங்கள்.