நெல் ஆலைத் தூசியை நீரால் பிடிக்கும் கருவியை உருவாக்கும் முறை

காலபோக அறுவடை முடிந்து, தை தொடக்கம் பங்குனி வரை நெல் மூட்டைகள் ஆலைகளுக்கு வந்து குவியும் காலத்தில், கிளிநொச்சி, பரந்தன், ஒட்டுசுட்டான் பக்கங்களிலுள்ள சிறிய அரிசி ஆலைகளின் துப்புரவுப் பகுதியில் நிற்பவர் சில நிமிடங்களிலேயே இருமத் தொடங்குவார். அங்கே பறப்பது உமிச் சிராய், தவிட்டுத் துகள், வயல் மண், பூஞ்சை வித்துக்கள் எல்லாம் கலந்த தூசியாகும். இதை நீரைக் கொண்டு பிடிக்கும் ஒரு கருவியை உள்ளூரிலேயே வடிவமைத்துச் சோதித்து மேம்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பெருந்தொழிற்சாலைகளில் ஸ்கிரபர் என்று அழைக்கப்படும் இவ்வகைக் கருவி புதியதன்று. ஆயினும் சிறிய ஆலைக்கு ஏற்ற விலையிலும் மின்செலவிலும் அதைச் செய்து முடிப்பதில் இன்னும் நிறைய வேலை மீதமிருக்கிறது.

எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நீர் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கையோடு தொடங்குபவர்களே அதிகம். அந்த நம்பிக்கை தவறானது. அமோனியா, கந்தக ஈரொட்சைட்டு போன்ற வாயுக்கள் நீரில் நன்றாகக் கரையும். இயந்திரப் புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு ஏறத்தாழக் கரையாது. ஆகவே மின்பிறப்பாக்கியின் புகையை நீருக்குள் விட்டுவிட்டு மூடிய அறைக்குள் இருக்கலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. அது உயிரைப் பறிக்கும். தூசியைப் பொறுத்தவரை அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீர்த்துளியைச் சுற்றிக் காற்று வளைந்து செல்லும்போது, வேகமாக வளைவில் திரும்பும் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து மூட்டை வெளியே விழுவதைப் போல, பாரமான துகள் காற்றோடு திரும்ப முடியாமல் நேரே போய்த் துளியில் மோதி ஒட்டிக்கொள்கிறது. இந்தத் திரும்ப முடியாத தன்மை துகளின் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 10 மைக்ரோமீற்றர் துகளோடு ஒப்பிடும்போது, அதே அடர்த்தியுள்ள 1 மைக்ரோமீற்றர் துகளுக்கு அது நூறில் ஒரு பங்கே இருக்கும். அதனால்தான், கீழிருந்து ஏறும் காற்றில் மேலிருந்து நீரைத் தெளிக்கும் எளிய தெளிப்புக் கோபுரம் 5 அல்லது 10 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட தூசியை நன்றாகப் பிடித்தாலும், நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகள்களைப் பெரும்பாலும் தப்ப விடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில், 2.5 மைக்ரோமீற்றருக்குக் கீழ்ப்பட்ட துகள்களுக்கு ஒரு கனமீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராம் என்பதை 24 மணிநேரச் சராசரிக்கான அளவாகக் குறிப்பிட்டுள்ளது. அந்த அளவை எளிய தெளிப்பினால் எட்டிவிடலாம் என்று ஆலை உரிமையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, காற்றை நீருக்குள் குமிழியாக விடுவதா, காற்றுக்குள் நீரைத் தெளிப்பதா என்ற கேள்வி. வாளி நீருக்குள் குழாயை இறக்கிக் காற்றை ஊதும் மாதிரிகள் பாடசாலைக் கண்காட்சிகளில் நன்றாக எடுபடும். ஆனால் 10 சென்ரிமீற்றர் ஆழ நீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளிவர ஏறத்தாழ 980 பஸ்கால் அழுத்தம் வேண்டும். மேசை விசிறியால் தரக்கூடியது சில பத்துப் பஸ்கால்களே. மேலும் பெரிய குமிழியின் நடுவிலுள்ள தூசி நீரைத் தொடாமலே மேலே வந்துவிடும். ஆகவே ஆலைக்குத் தெளிப்பு முறையையே நான் பரிந்துரைப்பேன்.

முதல் மாதிரிக்கு 200 லீற்றர் இரும்புப் பரல்கள் இரண்டு போதும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒட்டினால் ஏறத்தாழ 1.75 மீற்றர் உயரமான கோபுரம் கிடைக்கும். பரலின் விட்டம் சுமார் 57 சென்ரிமீற்றர் என்பதால் குறுக்குப் பரப்பு கால் சதுர மீற்றருக்குச் சற்று அதிகமாக இருக்கும், செக்கனுக்கு 0.2 கனமீற்றர் காற்றை இழுத்தால் அது செக்கனுக்கு 0.8 மீற்றர் வேகத்தில் மேலே ஏறும். தெளிப்பானைத் தேர்ந்தெடுக்க இந்த வேகமே அடிப்படையாகும். 1 மில்லிமீற்றர் துளி செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றர் வேகத்தில் விழுவதால் காற்றை எதிர்த்துக் கீழே வந்துவிடும். 0.2 மில்லிமீற்றர் துளியோ 0.7 மீற்றர் வேகத்திலேயே விழும். அதைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். பனிபோல மெல்லிய தூறல்தான் நல்லது என்று தோன்றினாலும், இங்கே அரை மில்லிமீற்றர் தொடக்கம் ஒரு மில்லிமீற்றர் வரையான துளியே பொருந்தும். பூச்சிமருந்து தெளிகருவியின் முனையைப் பொருத்தினால் திரும்பிவரும் சேற்று நீரில் அது விரைவில் அடைத்துவிடும். ஆகவே துளை அகன்ற சுருள் முனையை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், துளையிட்ட தட்டில் நீரை விழவிட்டு அதன் கீழே இன்னொரு தட்டில் மோதிச் சிதற விடுங்கள். ஒரு கனமீற்றர் காற்றுக்கு ஒரு லீற்றர் நீர் என்று தொடங்கினால் நிமிடத்துக்கு 12 லீற்றர் போதும். வீட்டுக் கிணற்று மோட்டரே அதற்குத் தாராளம்.

காற்றை ஓட்டும் விசிறியான ஊதியைக் கோபுரத்தின் முன்னே வைப்பதைவிட, நீர் வடிந்த காற்று வெளியேறும் மேற்பக்கத்தில் வைத்து இழுக்கச் செய்வது நல்லது. அப்போது ஒட்டில் எங்காவது ஓட்டை இருந்தாலும் தூசி வெளியே வராது, உமிச் சிராய் ஊதியின் இலைகளையும் தேய்க்காது. ஆனால் ஊதியின் மோட்டர் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நீரும் மின்சாரமும் ஒன்றாக நிற்கும் இடமாதலால், புவித்தொடுப்பும் 30 மில்லியம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். ஊதிக்குக் கீழே துளிபிடிப்பான் ஒன்று தேவை. கூரைப் பீலித் துண்டுகளை வளைவுநெளிவான வழிகளாக அடுக்கினால், காற்று வளைந்து போக, துளிகள் சுவரில் மோதிக் கீழே வடியும்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் அடிப்பரலின் வடிகுழாய். ஊதி இழுக்கும்போது கோபுரத்துக்குள் அழுத்தம் குறைவதால், வடிகுழாய் திறந்திருந்தால் நீர் வடிவதற்குப் பதிலாக வெளிக்காற்று அதனூடாக உள்ளே ஏறும். சேறு கோபுரத்துக்குள்ளேயே கொதிப்பது போலத் துள்ளும். குழாயை ஆங்கில எழுத்து யு வடிவில் வளைத்து நீர்ப்பூட்டு அமைத்தால் இது தீரும். ஊதியின் இழுப்பு 500 பஸ்கால் என்றால் அது 5 சென்ரிமீற்றர் நீர்மட்ட வேறுபாட்டுக்குச் சமம். எனவே பூட்டின் ஆழத்தை 15 தொடக்கம் 20 சென்ரிமீற்றர் வரை வைத்தால் பயமில்லை. இழுப்பை அளக்கக் கடையில் கருவி வாங்கத் தேவையில்லை. மேசன்மார் மட்டம் பார்க்கும் ஒளிபுகு குழாயில் நிறநீர் ஊற்றி, ஒரு முனையைத் துளிபிடிப்பானுக்கும் ஊதிக்கும் இடையில் கோபுரத்தில் செருகி, மற்றதைத் திறந்துவிட்டு, இரு மட்டங்களுக்கிடையிலான வேறுபாட்டை மில்லிமீற்றரில் வாசியுங்கள். ஒரு மில்லிமீற்றர் ஏறத்தாழ 10 பஸ்கால். இந்த வாசிப்பு நாளுக்கு நாள் கூடினால் துளிபிடிப்பானில் தூசி அடைகிறது என்று பொருள்.

இனிச் சோதனை. இதில்தான் அதிக நேரத்தைச் செலவிட வேண்டும். நீர் இல்லாமல் ஊதி மட்டும் தூசியை இழுத்தாலே அறை தெளிவாகத் தோன்றும். வெறும் பரலின் சுவரிலும் தூசி படியும். அதனால் நீரை நிறுத்திவிட்டு ஓட்டி அளந்த பின்பே, அதே நெல்லில் அதே வேகத்தில் நீரோடு ஓட்டி அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் நீர் செய்த வேலை. மூன்றாவதாக, தூசியே இல்லாமல் நீரை மட்டும் தெளித்தும் ஓட்டிப் பாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் லேசர்த் துகள் உணரி, நீர்த்துளியையும் தூசியென்றே எண்ணும். எனவே கோபுரத்தின் வாயில் அதை நேரே வைத்தால் கருவி காற்றை அழுக்காக்குகிறது என்று காட்டும். எடுக்கும் மாதிரிக் காற்றைச் சூடாக்கிய சிறு குழாயினூடாக விட்டு ஈரத்தைக் கழித்த பின் உணரிக்குக் கொடுப்பது ஒரு வழி. அதைவிட நம்பகமானது, நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் ஒரே அளவு காற்றை வடிதாளினூடாக இழுத்து, தாள்களை உலர்த்தி, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுப்பதுதான். நுழைவில் 100 மில்லிகிராமும் வெளிவாயிலில் 20 மில்லிகிராமும் படிந்தால் பிடிப்புத் திறன் 80 சதவீதம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இயங்குவதால், அளவீட்டு முறையை அங்குள்ளவர்களிடம் காட்டி விமர்சனம் கேட்பது நல்லது.

காற்றிலிருந்து எடுத்த அழுக்கு இப்போது நீரில் இருக்கிறது. 1930களில் இலண்டனின் பற்றர்சி மின்நிலையத்தில் புகையிலிருந்த கந்தகத்தை தேம்ஸ் ஆற்று நீரால் கழுவி, அந்த நீரை மீண்டும் ஆற்றிலேயே விட்டார்கள். அழுக்கு வானத்திலிருந்து ஆற்றுக்கு இடம் மாறியது, அவ்வளவே. இரணைமடு வாய்க்கால் ஓரத்தில் ஆலை நடத்துபவர் இதைச் செய்யலாகாது. கொங்கிறீட் கிணற்று வளையங்கள் மூன்றை அருகருகே இறக்கி, ஒன்றிலிருந்து மற்றதற்கு நீர் வழிந்தோட விட்டால், சேறு முதலிரண்டில் படிய, மூன்றாவதிலிருந்து மோட்டர் நீரை இழுக்கலாம். தவிட்டுத் துகள் கலந்த நீர் நம் வெயிலில் விரைவில் புளித்து நாறும். வெதுவெதுப்பான தேங்கு நீரில் நுரையீரல் நோயைத் தரும் லெஜியனெல்லா போன்ற பற்றீரியாக்களும் பெருகும். ஆகவே வேலை முடிந்ததும் சேற்றை அன்றன்றே அள்ளிக் கூட்டெருவுக்குச் சேர்த்து, நுளம்பு புகாதபடி வளையங்களை வலையால் மூட வேண்டும். கச்சான் வீசும் காலத்தில், காற்று 33 பாகை வெப்பமும் 50 சதவீத ஈரப்பதனும் கொண்டிருந்தால், இந்த அளவுக் கோபுரத்தில் மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் நீர் ஆவியாகும். வன்னியின் பல கிணறுகளில் நீர் கடினமானது; ஆவியாக ஆவியாக உப்புச் செறிந்து தெளிப்பு முனையில் சுண்ணாம்பாய்ப் படியும். எனவே குறைந்ததை ஈடுசெய்தால் மட்டும் போதாது, பழைய நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றவும் வேண்டும்.

உமியை எரிக்கும் கொதிகலனின் புகையை இந்தப் பரல் மாதிரியில் விடாதீர்கள். அந்தப் புகை மிகவும் சூடானது. பிளாஸ்ரிக் குழாய்களும் பீலித் துண்டுகளும் இளகிவிடும். அதோடு உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவாதலால் அது பம்பியின் உட்புறத்தையும் அராவும். அதற்கு இரும்பும் கொங்கிறீட்டும் கொண்ட தனிக் கோபுரமும், அதன் முன்னே பெரிய துகளைக் கழிக்கும் சைக்கிளோனும் தேவை.

உண்மையில் புதிதாக ஏதாவது செய்ய விரும்புபவர் நுண்துகளையே குறிவைக்க வேண்டும். பெருந்தொழிற்சாலைகள் அதற்காகக் குறுகிய கழுத்தினூடாகக் காற்றைச் செக்கனுக்கு 60 மீற்றருக்கும் அதிக வேகத்தில் செலுத்தி நீரைச் சிதறடிக்கின்றன. அந்த மின்கட்டணத்தைச் சிறிய ஆலை தாங்காது. ஆனால் நெல் அவிக்கும் ஆலையில் நீராவி ஏற்கெனவே இருக்கிறது. தூசிக் காற்றில் நீராவியைக் கலந்து முழு ஈரமாக்கி, உடனே குளிர்ந்த தெளிப்பினூடாக விட்டால், மிகுந்த ஆவி நுண்துகள்களின் மேல் ஒடுங்கி அவற்றைப் பருக்கச் செய்யும். பருத்த துகளைச் சாதாரணத் துளியே பிடித்துவிடும். இக்கோட்பாடு பொறியியலில் அறியப்பட்டதே. நெல் அவித்து மிஞ்சும் நீராவி இதற்குப் போதுமா, எந்த இடத்தில் கலக்க வேண்டும், தெளிப்பு நீர் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்பவையே கண்டுபிடிக்க வேண்டியவை. நிலத்துக்குள் இறக்கிய வளையத் தொட்டி நீரைக் குளிர்த்த உதவும். நீராவிக் குழாய் இரும்பாகவே இருக்கட்டும். இங்கே துளிகள் மலிந்திருப்பதால் லேசர் உணரியை நம்பாமல் வடிதாள் முறையையே பின்பற்றுங்கள். நீராவியோடும் இல்லாமலும் ஒரே நாளில், ஒரே களத்து நெல்லில், மாறி மாறி ஓட்டி, நுழைவிலும் வெளிவாயிலிலும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்புரிமை பெறும் எண்ணம் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து முடியும்வரை கருவியைக் கண்காட்சிகளில் வைக்காமலிருப்பது பாதுகாப்பானது. ஆலையில் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தொடர்பாக மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, சேற்று நீரை அகற்றும் ஏற்பாட்டையும் எழுத்தில் காட்டுங்கள்.