டேட்டாபேஸ் லைசென்ஸ்: சிப்பை எண்ணி ஏமாற வேண்டாம்

சர்வரின் மூடியைத் திறந்தால் இரண்டு சிப் தெரிகிறது. அப்படியானால் இரண்டு ப்ராசஸர் லைசென்ஸ் போதும் என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. ஒப்பந்தத்தில் ‘ப்ராசஸர்’ என்பதற்கு விற்கிற நிறுவனம் என்ன பொருள் எழுதியிருக்கிறதோ, பணம் அதற்குத்தான்.

2 சாக்கெட் (சிப்பைப் பொருத்தும் இடம்), சாக்கெட்டுக்கு 16 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்ட ஓர் இன்டெல் சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் ஆரக்கிள் டேட்டாபேஸின் பெரிய பதிப்பான என்டர்பிரைஸ் எடிஷன் போட்டால், 32 கோரையும் ஆரக்கிளின் ‘கோர் ஃபேக்டர்’ பட்டியலில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். இன்டெல் எக்ஸ்86 சிப்புக்கு அது 0.5. ஆக, 16 லைசென்ஸ். அதன் சிறிய பதிப்பான ஸ்டாண்டர்ட் எடிஷன் 2 என்றால் சாக்கெட் கணக்கு, இரண்டே போதும். ஆனால் ஒரு டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் 16 த்ரெட்டுக்கு (சிப் ஓட்டும் வேலைச் சரடு) மேல் பயன்படுத்த முடியாது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் 2008 ஆர்2 வரை சாக்கெட் கணக்கில் இருந்தது, 2012 பதிப்பில் கோருக்கு மாறியது. இதே சர்வருக்கு அங்கே 32 கோர் லைசென்ஸ் வேண்டும்.

தேவைக்கு மேல் வாங்குகிறவர்களும் உண்டு. டாஸ்க் மேனேஜர் 64 லாஜிக்கல் ப்ராசஸர் என்று காட்டும். அது ஒரு கோரை இரண்டு போலக் காட்டும் ஹைப்பர்த்ரெட்டிங்கால் வருவது; நேரடியாக இயந்திரத்தில் ஓட்டும்போது அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

பெரிய அடி விழுவது விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினியில். 4 விசிபியு (மெஷினுக்கு ஒதுக்கும் மெய்நிகர் ப்ராசஸர்) கொடுத்த ஒரு சின்ன மெஷின், விஎம்வேர் மென்பொருள் இணைத்த சர்வர்களின் கூட்டமான கிளஸ்டரில் ஓடுகிறது. கிளஸ்டரில் 6 ஹோஸ்ட் (மெஷின்களைத் தாங்கும் நிஜ சர்வர்), ஒவ்வொன்றிலும் 32 கோர். நாம் 2 லைசென்ஸ் என்று நினைத்திருப்போம். ஆரக்கிளோ விஎம்வேரை ‘சாஃப்ட் பார்ட்டிஷனிங்’ (மென்பொருளால் மட்டும் பிரிப்பது) என்று வகைப்படுத்தி, 4 விசிபியு என்ற அந்த எல்லையை ஏற்காது. அந்த மெஷின் எந்த ஹோஸ்டுக்கும் நகரலாம் என்பதால் 192 கோரும் கணக்கில் வரும்: 96 லைசென்ஸ். இந்தக் கொள்கையைச் சொல்லும் ஆவணமே தான் ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்கிறது. அதனால் வாதாட இடமுண்டு. ஆனால் லைசென்ஸைச் சரிபார்க்கும் ஆடிட் வந்து உட்கார்ந்த பிறகு வாதாடுவது மிகவும் சிரமம். ஆரக்கிளுக்கென்று தனி ஹோஸ்டை ஒதுக்கிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், ஸ்டாண்ட்பை, அதாவது முதல் சர்வர் விழுந்தால் கைகொடுக்கும் மாற்று. ஆரக்கிளின் டேட்டா கார்டு (Data Guard) வசதி வழியாக இன்னொரு சர்வரில் பிரதி ஓடினால் அதற்கும் முழு லைசென்ஸ் வேண்டும். ஆண்டுக்கு 10 நாள் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரே ஸ்டோரேஜைப் பகிர்ந்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும் ஃபெயில்ஓவர் கிளஸ்டருக்கு மட்டும்.

ஆள் கணக்கில் வாங்கினால் மிச்சம் என்று நினைப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. என்டர்பிரைஸ் எடிஷனில் ப்ராசஸருக்குக் குறைந்தது 25 பயனர் எடுக்க வேண்டும். மேலே சொன்ன சர்வரில் அது 400. டேட்டாபேஸைத் தொடுகிறவர்கள் 40 பேராக இருந்தாலும் 400தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது, தெரியாமல் தொட்டுவிடும் கூடுதல் வசதிகள். நள்ளிரவில் ஒரு குவரி இழுக்கிறது. பணியில் இருக்கும் இளம் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) நல்லெண்ணத்தோடு, டேட்டாபேஸின் வேகத்தை அலசிக் காட்டும் ஓர் ஏடபிள்யூஆர் ரிப்போர்ட் எடுக்கிறார். அதற்கு டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்ற தனி லைசென்ஸ் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. என்டர்பிரைஸ் எடிஷனில் அந்த வசதி இயல்பாகவே திறந்திருக்கும். பயன்படுத்திய தடம் டேட்டாபேஸுக்குள்ளேயே பதிவாகும். பேக் வாங்கவில்லை என்றால், நிறுவிய அன்றே ‘கன்ட்ரோல் மேனேஜ்மென்ட் பேக் ஆக்சஸ்’ என்ற பாராமீட்டரை ‘நன்’ (NONE) என்று மாற்றிவிடுங்கள்.

சரி, புது சர்வர் வாங்கப் போகிறீர்களா? ஆர்டர் போடும் முன் கோர் எண்ணிக்கையைப் பாருங்கள். 16 கோர் சிப் இரண்டுக்குப் பதிலாக வேகம் கூடிய 8 கோர் சிப் இரண்டு போதுமென்றால், ஆரக்கிள் லைசென்ஸ் 16லிருந்து 8 ஆகும். ஆண்டுதோறும் கட்டும் சப்போர்ட் தொகையும் லைசென்ஸ் விலையில் 22 சதவீதம் என்பதால், அதுவும் கூடவே பாதியாகும்.