இரிடியம் பளிச்சிடல்: கணிப்பு பொய்த்த காரணம்

இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் வெயில் பட்டுச் சில விநாடி பளிச்சிடுவது வழக்கம். எப்போது, எவ்வளவு என்று இணையதளக் கணிப்பு முன்பே சொல்லும். பிரகாச அளவு மைனஸ் 8 என்று இருக்கும் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). அது வெள்ளிக் கோளைவிடப் பல மடங்கு பிரகாசம். வானத்தில் வருவதோ மங்கலான ஒரு பொட்டு. நேரமும் திசையும் சரிதான், பளிச்சிடல் மட்டும் இல்லை.

விஷயம் தரையில் இருந்தது. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய முதல் தலைமுறை இரிடியம் செயற்கைக்கோள்களில், ஏறக்குறைய 1.9 மீட்டர் நீளத்தில் மூன்று பளபளப்பான ஆண்டெனாக்கள் இருந்தன. அவற்றில் பட்டுத் திரும்பும் வெயில், கைக்கண்ணாடி சுவரில் வீசும் வெளிச்சம்போல, பூமியில் குறுகிய பட்டையாக ஓடும். அதன் நடுக்கோட்டை விட்டு விலக விலக ஒளி மங்கிவிடும். கணிப்புத் தளமோ என் ஊர் என்று மாவட்டத் தலைநகரை எடுத்துக்கொண்டிருந்தது.

மொட்டைமாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் பார்த்து நானே பதிந்தேன். நடுக்கோடு எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்ற விவரத்தையும் படித்தேன். பக்கம் என்றால் பைக்கில் போய் அங்கேயே நிற்பேன். அதன்பின் கண்ட சில விநாடிப் பளிச்சிடல்கள், அடடா! பகலிலும் ஒன்று தெரிந்தது.

பழைய செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை 2017க்குப் பிறகு இறக்கப்பட்டு எரிந்துவிட்டன. புதியவை அப்படிப் பளிச்சிடுவதில்லை. நிலவுக்குக் குறுக்கே பன்னாட்டு விண்வெளி நிலையம் கடப்பதைப் பார்க்க இதே துல்லியம் இன்னும் அவசியம். அது தெரியும் தரைப் பாதையின் அகலம் சில கிலோமீட்டர்தான்.